சாத்தனூர்க் கல்மரமும் நான் கொடுத்த தைலக் கன்றும்

இது நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, காட்டுல தைல மரம் வெட்டுக்கு வந்துடுச்சு. வெட்டினதுக்கு அப்புறம் மறுபடி துளிர விட்டுடலாமா, இல்ல வேரோட எடுத்துட்டு வேற மரம் வைக்கலாமா? வைக்கிறதுன்னா எதை வைக்கிறது?" என்று கேட்டான். செந்துறைப் பக்கம் எங்கள் அப்பா வழியில் வந்த மூன்று ஏக்கர் செம்மண் நிலம் அது. நம் பக்கத்தில் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் பேசினான். இப்போது ஊராட்சி வேலைகளை எடுத்துச் செய்கிறான். "டீச்சர், ஏரிக்கு மேல்புறம் புறம்போக்குல இருந்த தைல மரமெல்லாம் வெட்டியாச்சு. அங்க கலப்பா மரம் வைக்கணும்னு சொல்றாங்க. எந்தெந்த மரம் வைக்கலாம், நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் வனத்துறையில் வேலை பார்த்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் அ, ஆ, வாய்ப்பாடு, வரலாறு, புவியியல் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அது ஏன் என்று கடைசியில் இல்லை, நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கு உங்களில் பல பேரை நான் கூட்டிப்போயிருக்கிறேன். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு, வெயிலில் வரிசையாக நடந்தது நினைவிருக்கும். 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கும். 1940-இல் அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பிற்பாடு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். அந்த மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று அங்கே பலகையில் எழுதியிருக்கிறது. அப்போது நம் பக்கம் வரைக்கும் கடல் இருந்தது. அதனால்தான் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் சங்கும் சிப்பியும் கிடைக்கின்றன.

ஒரு பையன் அன்றைக்குக் கேட்டான். "டீச்சர், இது என்ன மரம்? வேப்ப மரமா, புளிய மரமா?" இரண்டும் இல்லை. அது ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது. கொடைக்கானலில் சினிமா ஷூட்டிங் நடக்கும் பைன் காட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைன் மரத்துக்கு ஏதோ ஒரு வகையில் பாட்டன் முறை. பூக்காத மரம். பூக்கும் மரங்கள் உலகத்தில் பரவுவதற்கு முந்தைய காலத்தில் தரையை ஆண்டது அந்த வகைதான். பிறகு மெல்ல மெல்லப் பூக்கும் மரங்கள் வந்தன. அகன்ற இலை, பூ, காய், கனி, அதைத் தேடி வரும் வண்டு, பறவை என்று காடு பலவிதமானது. வேம்பும் புளியும் ஆலும் அரசும் அந்தப் பெரிய குடும்பத்தின் பிள்ளைகள்.

ஆக, ஒரே வகை மரம் ஆண்ட இடத்தில் பல வகை மரங்கள் வந்து சேர்ந்த கதை நம் மாவட்டத்துக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. அதைப் புரட்டிப்போட்டு, பல வகை இருந்த இடத்தில் ஒரே வகையை வைத்தது மனிதர்கள்தான். அதுவும் ரொம்பப் பழைய கதை இல்லை.

நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வேப்பூர், வேப்பந்தட்டை என்றால் வேம்பு. ஆலத்தூரில் ஆல். இலுப்பையூரில் இலுப்பை. விளாங்குடியில் விளா. இலந்தைக்கூடத்தில் இலந்தை. பெரம்பலூர்ப் பக்கம் புறப்பட்டு அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேரும் ஆற்றுக்குப் பெயர் மருதையாறு, அதில் மருது இருக்கிறது. தைல மரத்தின் பெயரில் ஒரு ஊர் உண்டா? இல்லை. அந்த மரம் வந்தபோது ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடிந்திருந்தது.

கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். ராஜேந்திர சோழன் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய சோழகங்கம் ஏரி பல மைல் நீளக் கரை கொண்டது. இன்றைக்குப் பொன்னேரி என்கிறோம். சோழர்கள் போன பிறகு ஏரி பாழானது. 1855-இல் அச்சான ஒரு ஆங்கில நாட்டு விவரக் குறிப்பு நூல், அந்த ஏரியின் உட்பகுதி அடர்ந்த காடாக மண்டிக் கிடப்பதாக எழுதியிருக்கிறது. ஆளில்லாமல் விட்டால் நம் மண்ணில் தானாக என்ன வரும் என்பதற்கு அது சாட்சி.

அந்தக் காட்டில் என்ன மரங்கள் இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் வழி இருக்கிறது. ஊருக்கு வெளியே அய்யனார் கோயில் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். வீரை, பாலை, காசா, உசிலை, வெப்பாலை, நாவல், மகிழம் என்று கை வைக்கப் பயந்து நாம் விட்டுவைத்த மரங்கள் நிற்கும். சோழமண்டலக் கரையோரச் சமவெளியில் இருந்த இந்த வகைக் காட்டை வறண்ட பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழை வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் கூட எட்டாது, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் கூட இந்தக் காடு பச்சையாக நிற்கும். சின்ன இலை, கெட்டி இலை, மெதுவான வளர்ச்சி. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் மரங்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்களின் கையில் காடுகள் இருந்தன. சுதந்திரம் வந்ததும் 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் போகப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை மாகாணத்தில் பல இடங்களில் தனியார் காடுகளை அவசர அவசரமாக வெட்டி விற்றார்கள். அதைத் தடுக்க 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்றே போட வேண்டியிருந்தது. காடு மிஞ்சிய இடமும் உண்டு, முட்புதராகப் போன இடமும் உண்டு. புதராகிப்போன நிலத்தைப் பார்த்தவர்களுக்கு "இங்கே ஏதாவது உருப்படியாக வைக்க வேண்டும்" என்று தோன்றியது நியாயமே.

அங்கேதான் ஒரே மரத்தை வரிசையாக வைக்கும் பழக்கம் உள்ளே வந்தது. அந்தப் பழக்கத்தின் தாய்வீடு ஜெர்மனி. இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முன் அங்கே கலப்புக் காடுகளை வெட்டிவிட்டு, ஸ்ப்ரூஸ், பைன் என்ற ஊசியிலை மரங்களை நேர் வரிசையில் நட்டார்கள். எண்ண எளிது, வெட்ட எளிது, வருமானம் கணக்குப் போட எளிது. அந்த நாட்டிலிருந்து வந்த டீட்ரிக் பிராண்டிஸ்தான் 1864-இல் இந்தியாவின் முதல் காடுகள் தலைமை ஆய்வாளர். அதற்கு முன்பே, 1840-களில், அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்கை மட்டும் வரிசையாக நட்டு வளர்த்துக் காட்டியிருந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நீலகிரியில் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் வந்து இறங்கியது. விறகுக்காக வந்தது. அதனால்தான் பல ஊர்களில் அதற்கு நீலகிரி மரம் என்றே பெயர்.

நம் பக்கத்துக்கு அது பெரிய அளவில் வந்தது பிற்பாடுதான். 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது, தலைமையகம் திருச்சி. தைல மரமும் முந்திரியும் அதன் முக்கியமான பயிர்கள். 1979-இல் கரூர்ப் பக்கம் அரசின் காகித ஆலை உருவானது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் பெயர் பெற்ற ஆலை அது. மரக்கூழுக்குத் தைல மரமும் சவுக்கும் தேவைப்பட்டன. அப்போது கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் எல்லாமே ஒரே திருச்சி மாவட்டம். 1995-இல்தான் பிரிந்தோம். பிறகு அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் திரும்பிச் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. 1981-இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் வந்தது. ஏரிகளுக்குள் கருவேல், புறம்போக்கில் மரம், பள்ளிக்கூடங்களுக்குக் கன்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும், 1984. மழைக்காலம். பள்ளிக்கூட வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கறுப்பு பாலிதீன் பையில் நூற்றுக்கணக்கான தைலக் கன்றுகள். எனக்கு 23 வயது, உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு இரண்டு கன்று கொடுத்தேன். "வீட்டுக்குப் பின்னால வைங்க, அப்பாகிட்டச் சொல்லிக் காட்டுலயும் வைங்க" என்றேன். மறுநாள் கரும்பலகையில் "தைல மரத்தின் பயன்கள்" என்று தலைப்பிட்டு ஐந்து வரி எழுதிப் போட்டேன். அன்றைக்கு எழுதிக்கொண்டவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள்.

1. விரைவாக வளரும்.
2. தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
3. ஆடு மாடு கடிக்காது.
4. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.
5. காகிதம், தைலம், விறகு தரும்.

ஐந்தும் உண்மை. இன்றைக்குப் பரீட்சையில் எழுதினாலும் ஐந்து மதிப்பெண் போடுவேன். அப்பாவிடம் நானே பேசி, எங்கள் மூன்று ஏக்கரிலும் வைக்கச் சொன்னேன். அதுவரை அங்கே கம்பும் வரகும் கடலையும் மாறி மாறி இருந்தன. வரப்பில் நாலு வேம்பு, இரண்டு இலுப்பை. வரிசை நேராக வர வேண்டும் என்று அந்த இலுப்பைகளையும் வெட்டினோம். அம்மா மட்டும், "வெளக்குக்கு எண்ணெய் குடுத்த மரம்டி" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

தைல மரம் எங்களை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்டினோம். தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு வெட்டு, தம்பி வீடு கட்ட ஒரு வெட்டு உதவியது. ஆள் கிடைக்காத காலத்தில், கூலி ஏறிய காலத்தில், வெளியூர் வேலைக்குப் போன குடும்பங்களுக்கு நிலத்தைத் தரிசாகப் போடாமல் காப்பாற்றியது அந்த மரம்தான். அதை வைத்த விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி காட்டாமல் குறை சொல்வது எளிது.

ஆனால் என் ஐந்து வரிக்குப் பின்னால் இருந்ததை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றால், அது தனக்கு வேண்டிய தண்ணீரை வேர் விட்டுத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் என்று பொருள். மழை குறைந்த ஊரில், ஏக்கருக்கு ஆயிரம் மரம் நெருக்கி வைத்தால் பக்கத்து நிலத்துக்காரர் முணுமுணுக்கத்தான் செய்வார். ஆடு மாடு கடிக்காது என்றால், அந்தத் தோப்பில் ஆடு மாட்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லை என்று பொருள். உதிர்ந்த இலை சீக்கிரம் மக்காது, அடியில் புல் சரியாக வராது. வெட்டினால் துளிர்க்கும் என்றால், மனம் மாறினாலும் அதை எளிதில் எடுக்க முடியாது. வாங்குபவர் ஒரே வகை ஆள் என்றால், விலை சொல்பவரும் அவரே.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் ஒரே மரம் வைத்தால், ஒரு பூச்சி வந்தால் போதும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் யூகலிப்டஸ் இலையில், காம்பில் முடிச்சு முடிச்சாக வீக்கம் வந்தது ஞாபகம் இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியின் வேலை அது. நாற்றங்கால்களும் இளம் தோட்டங்களும் அடிபட்டன. காற்றுக்கும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது முந்திரித் தோப்புகள் அடியோடு சாய்ந்தன. ஒரே பயிரை நம்பிய குடும்பங்களுக்கு ஒரே இரவில் எல்லாம் போனது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. வரிசைக் காட்டுக்குத் தாய்வீடு என்று சொன்னேனே, அந்த ஜெர்மனியில் ஹார்ஸ் என்ற மலைப்பகுதி முழுக்க ஸ்ப்ரூஸ் மரம்தான். 2018-இலிருந்து தொடர்ந்து வறட்சி, அதோடு பட்டைத் துளைப்பான் வண்டு. மலை மலையாக மரங்கள் காய்ந்து நின்றன. இப்போது அங்கே பீச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்களைக் கலந்து வளர்க்கிறார்கள். பெர்லினைச் சுற்றியுள்ள பைன் தோட்டங்களிலும் அப்படியே. முந்நூறு வருடக் கணக்கைத் திருத்திப் போடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. பழனி மலையில் வரிசையாக நட்ட பைன், வாட்டில் மரங்களின் நிழலில் சோலைக்காட்டு மரங்களின் கன்றுகள் தானாக முளைத்து வருவதை அங்கே வேலை செய்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். பக்கத்தில் பழைய சோலை மிச்சம் இருந்து, பறவை விதை கொண்டுவந்தால், நட்ட மரம் வந்த மரத்துக்கு நிழல் பிடிக்கிறது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் அரிப்பெடுத்த செம்மண் மேட்டில் முதலில் வேகமாக வளரும் அக்கேசியாவை நட்டார்கள். அதன் நிழலில் நம் வீரையும் பாலையும் வளர்ந்தன. தானே புயலில் அக்கேசியாக்கள் ஏராளமாக விழுந்தபோது அடியில் உள்ளூர் மரங்கள் தயாராக இருந்தன.

கர்நாடகத்துத் தும்கூரில் 1983-இல் வேறு மாதிரி நடந்தது. விவசாயிகள் கூட்டமாகப் போய் நாற்றங்காலில் இருந்த யூகலிப்டஸ் நாற்றுகளைப் பிடுங்கிப்போட்டு, அந்த இடத்தில் புளி விதையும் மாங்கொட்டையும் ஊன்றினார்கள். நான் லாரியில் வந்த கன்றை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததற்கு முந்தைய வருடம் அது. எனக்கு அந்தச் செய்தி தெரியவே தெரியாது.

சரி, இப்போது கேள்விக்குப் பதில்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தைல மரத்தை எடுத்துவிட்டு மூன்று ஏக்கரும் மலைவேம்பு வைத்தால் அது மாற்றம் இல்லை. மலைவேம்பு நல்ல மரம், பிளைவுட்டுக்குப் போகும், வேகமாக வளரும். ஆனால் அதை மட்டும் வைத்தால் நாம் பழைய தப்பைப் புதுப் பெயரில் செய்கிறோம். தைல மரமும் அகன்ற இலை மரம்தானே? சவுக்கைப் பார்த்தால் பைன் மாதிரி ஊசி ஊசியாக இருக்கும், அதுவும் பூக்கும் மரம்தான். இலையின் வடிவத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. எத்தனை வகை நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மரம் தேர்ந்தெடுக்க என் வகுப்பு முறையில் மூன்று கேள்வி சொல்கிறேன்.

ஒன்று: இந்த மண்ணில், இரண்டு மைலுக்குள், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்த மரம் பெரிதாக நிற்கிறதா? நின்றால் தைரியமாக வையுங்கள். கோயில் தோப்பு, பழைய வரப்பு, ரோட்டோரம் பாருங்கள். ஜெயங்கொண்டம், செந்துறைச் செம்மண்ணில் நன்றாக நிற்கும் மரம் குன்னத்துக் கரிசலில் தவிக்கும். செம்மண் மேட்டுக்கு வேம்பு, வேங்கை, இலுப்பை, உசிலை, வெப்பாலை. கரிசலுக்கு வேம்பு, வாகை, நாட்டுக் கருவேல். ஏரி, வாய்க்கால் பக்கம் நீர்மருது, புங்கன், நாவல். ஏரிக்கரையில் பனை.

இரண்டு: அது எந்த மாதத்தில் என்ன தரும்? வேம்பு சித்திரையில் பூக்கும், ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை. நாவல் அதே ஆனி, ஆடியில் பழம். புங்கன் நல்ல நிழலும் எண்ணெய் வித்தும் தரும், தழை வயலுக்கு உரம். புங்கனும் வாகையும் அவரை, உளுந்து இனத்தைச் சேர்ந்தவை என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். இலுப்பைப் பூவுக்கு வௌவால் வரும், வௌவால் வந்தால் விதை வேறு இடத்துக்குப் போகும். ஒரே மாதத்தில் எல்லாம் தருவதை விட, மாதத்துக்கு ஒன்று தருவது குடும்பத்துக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது.

மூன்று: அது எத்தனை வருடத்தில் பலன் தரும்? ஐந்தாறு வருடத்தில் காசு தருவது கொஞ்சம், பத்துப் பதினைந்தில் தருவது கொஞ்சம், பேரன் பேத்திக்கு என்று கொஞ்சம். மூன்றும் கலந்திருக்க வேண்டும். மெதுவாக வளரும் மரத்தை மட்டும் வை என்று நான் சொன்னால், சம்பளமும் பென்ஷனும் வாங்கியவள் சொல்கிற பேச்சு அது.

தம்பி மகனுக்கு: மூன்று ஏக்கரையும் ஒரே வருடம் மாற்றாதே. ஒரு ஏக்கரில் தொடங்கு. மற்ற இரண்டும் துளிர்த்து ஒரு வெட்டுக் காசு கொடுக்கட்டும், அந்தக் காசுதான் இந்த ஏக்கருக்குச் செலவு. தைலக் கட்டையைத் தோண்டி எடுக்கச் செலவு அதிகம் என்றால், வரும் துளிரை விடாமல் உடைத்துக்கொண்டே இரு, கடைசியில் சோர்ந்துபோகும். புரட்டாசி, ஐப்பசியில் மண் நனைந்ததும் கன்று வை. சுற்று வரப்பில் வேம்பும் புங்கனும். உள்ளே ஒரு வரிசை குமிழ் அல்லது மலைவேம்பு, அடுத்த வரிசை வேங்கையும் இலுப்பையும் மாறி மாறி. மூலையில் இரண்டு நாவல், ஒரு விளா. மரம் நிழல் கட்டும் வரை இடைவெளியில் கடலை, உளுந்து, எள் போட்டுக்கொள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், ஆட்டுக்கு வேலி போடத்தான் வேண்டும். இவை தைல மரத்துக்கு இல்லாத வேலைகள். தெரிந்தே இறங்கு. சந்தனம் போன்ற சில மரங்களுக்கு வெட்டத் தனி விதி உண்டு. அவற்றை வைக்க ஆசைப்பட்டால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வை.

ஊராட்சி மாணவனுக்கு: புறம்போக்கு மரம் காசுக்கு மட்டும் இல்லை, ஊருக்கு. அங்கே நீ அவசரப்பட வேண்டாம். கரைமேல் பனங்கொட்டை ஊன்று. கீழே மருது, புங்கன், நாவல், இலுப்பை. மேட்டில் அய்யனார் தோப்பிலிருந்து விதை எடுத்து வளர்த்த வீரை, பாலை, காசா. இவை ஆமை மாதிரி வளரும். ஊர்வலம், போட்டோ முடிந்த மறுநாள் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கன்று வாங்கு. 2022-இல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கி, மாநிலத்தில் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் நாட்டு மரக்கன்றுகள் கேட்டுப் பார். நீ போய்க் கேட்டால்தான் அந்த வகை நாற்று வளர்ப்பார்கள்.

நம் அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறார்களே, 2020-இல் புவிசார் குறியீடு கூட வாங்கினார்கள். வாகை, மா, வேம்பு போன்ற நாட்டு மரங்களில்தான் அந்தச் சாமி சிலைகள் பிறக்கின்றன. வாகை மரம் அருகிப்போனால் அந்த உளிக்கும் வேலை இருக்காது. மரம் தேர்ந்தெடுக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் நான் முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். 1984-இல் மைதான ஓரத்தில் நட்ட தைல மரங்கள் எப்போதோ ஏலத்தில் போய்விட்டன. ஒன்று கூட இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. யாரும் நட்டதில்லை, காக்கை போட்ட விதை. வரிசையில் இல்லாததால் பிடுங்கிப்போட வேண்டும் என்று நானே ஒரு தடவை சொன்ன கன்று அது. ஏதோ மறதியில் தப்பித்தது. மதிய உணவு வேளையில் அறுபது பிள்ளைகள் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அம்மா சொன்ன இலுப்பை ஞாபகம் வந்தது.

அன்று என்னிடம் கன்று வாங்கிப்போன பிள்ளைகளே, இப்போது உங்களுக்கே தலை நரைத்திருக்கும். நான் எழுதிப் போட்ட ஐந்து வரியில் பொய் இல்லை. ஆறாவது வரி ஒன்று விட்டுப்போனது. இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

6. எந்த மரமானாலும் தனியாக வைக்கக் கூடாது, நாலு வகையோடு சேர்த்து வைக்க வேண்டும்.

உங்கள் காட்டில் தைல மரமோ முந்திரியோ சவுக்கோ இருந்தால் இருக்கட்டும். இந்த ஐப்பசியில் வரப்பில் இரண்டு வேறு கன்று வையுங்கள், ஆளுக்கு இரண்டு. உங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய நாட்டு மரம் ஒன்று இருந்தால் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடும் அந்த மரத்துக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரோடும் கீழே போடுங்கள். எந்த மண்ணில் எது நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். விதை வேண்டும் என்பவர்கள் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் காட்டில் முதல் கன்று இலுப்பைதான். குழி தோண்ட நானே வருவதாகத் தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். "உங்களால முடியாது அத்தை" என்கிறான். மண் தள்ளவாவது முடியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்